பேட்டரி செயின்சாவும் இரவல் மறுப்பும்: ஒரு தெருவியல் ஆய்வு

பாயிரம்

எவ்வளவு பெரிய நூலானாலும் முன்னே பாயிரம் இல்லாவிட்டால் அதை நூலென்று ஒப்புக்கொள்ளக் கூடாது என்று நன்னூலார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆக்கியோன் பெயர் தொடங்கிப் பயன் வரை எட்டுச் செய்திகள் அதில் வர வேண்டும் என்பது விதி. ஆகவே சொல்கிறேன். ஆக்கியோன், பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தென்னை, ஒரு முருங்கை, ஒரு வேம்பு, கணக்கில் சேராத ஒரு கறிவேப்பிலை ஆகியவற்றுக்கு நடுவே குடியிருப்பவன். வழி, கண்டதும் கேட்டதும். எல்லை, வடக்கே ரேஷன் கடை, தெற்கே வாய்க்கால் மதகு, கிழக்கே டிரான்ஸ்பார்மர், மேற்கே மைத்துனர் வீடு. நூற்பெயர், மேலே இருக்கிறது. யாப்பு, கிடையாது. நுதலிய பொருள், பேட்டரியில் ஓடும் செயின்சா ஒன்றைக் குடும்பஸ்தன் ஒருவன் சொந்தமாக வைத்துக்கொள்வதால் விளையும் நன்மையும் தீமையும். கேட்போர், அதை வாங்குவதென்று முடிவு செய்துவிட்டு வீட்டில் இன்னும் சொல்லாதிருப்பவர். பயன், வீட்டில் சொல்லும்போது கைகொடுக்கும்.

இப்பொருளை எனக்கு முன்பு ஆராய்ந்தவர்கள் மூவகையினர்: மரம் வெட்டும் தொழிலாளர், கடைக்காரர், யூடியூபில் விளக்கம் தருபவர். மூவரும் “எவ்வளவு அறுக்கும்?” என்ற ஒரே கேள்வியால் இந்த மெஷினை அளந்துவிட்டுப் போனார்கள். குடும்பஸ்தனின் செயின்சா வருஷத்தில் உண்மையாக அறுக்கிற நேரம் இருபது நிமிஷத்தைத் தாண்டாது. மீதி நேரமெல்லாம் அது சும்மா இருக்கிறது. சும்மா இருப்பது தெரு முழுக்கத் தெரிந்தும் இருக்கிறது. எனவே ஒரு செயின்சாவின் குணதோஷங்களை அது சும்மா இருக்கும் நேரத்தில் வைத்து அளப்பதே முறை என்பது இவ்வாய்வின் துணிபு.

வரலாறு

சங்கிலியில் பல் வைத்து அறுக்கும் யோசனை மரத்துக்காகப் பிறந்ததன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து மருத்துவர்களான ஜான் எய்ட்கனும் ஜேம்ஸ் ஜெஃப்ரேயும் உடம்புக்குள் அறுப்பதற்குப் பல் வைத்த மெல்லிய சங்கிலியைக் கையாண்டார்கள். எய்ட்கனுடையது தடைபட்ட பிரசவத்துக்கு. ஜெஃப்ரேயுடையது நோயுற்ற மூட்டெலும்புக்கு. 1830 வாக்கில் ஜெர்மானியரான பெர்ன்ஹார்ட் ஹைனே, தகட்டின் விளிம்பைச் சுற்றிச் சங்கிலி ஓடும்படி, கையால் சுழற்றும் எலும்பு ரம்பம் ஒன்றைச் செய்தார். இன்றைய செயின்சாவின் உருவம் அதில் அப்படியே இருக்கிறது. பிறகு அது காட்டுக்குப் போனது. காட்டிலிருந்து வீட்டுக்கு வந்தது. இன்றும் ஆஸ்பத்திரிக்கு அவ்வப்போது ஆளனுப்பிக்கொண்டிருப்பதால், பிறந்த வீட்டை அடியோடு மறந்துவிட்டது என்று அதன்மேல் பழி போட முடியாது.

காட்டுக்குப் போன கதையில் ஒரு வேடிக்கை உண்டு. ஆந்திரேயாஸ் ஷ்டீல் 1926-இல் செய்த முதல் செயின்சா கரண்டில் ஓடியது. தூக்க இரண்டு ஆள் வேண்டும். காட்டுக்குள் வயர் இழுத்துக்கொண்டு போகவும் வேண்டும். 1927-இல் எமில் லெர்ப் ஜெர்மனியின் டோல்மார் மலையில் பெட்ரோல் செயின்சாவை ஓட்டிக் காட்டினார். 1929-இல் ஷ்டீலும் பெட்ரோலுக்கு வந்துவிட்டார். பெட்ரோல்தான் மூத்தது, பேட்டரி நேற்று வந்த விளையாட்டுச் சாமான் என்று டீக்கடையில் அடித்துப் பேசுபவர்கள் இந்த ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளலாம். ஷ்டீலின் வீட்டில் மூத்தது கரண்டு. பெட்ரோல் நடுவில் வந்து நெடுநாள் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். வயரை ஒழித்த பெருமை லித்தியம் அயனி பேட்டரிக்கு. 1991-இல் சோனி அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடித்தளம் போட்ட குட்இனஃப், விட்டிங்காம், யோஷினோ மூவரும் 2019-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார்கள். ஆராய்ச்சியின்போது அவர்கள் மனத்தில் முருங்கை இருந்ததற்குச் சான்றில்லை.

பல்லின் வரலாறு தனி. 1946-இல் அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரம்வெட்டி, ஒரு வண்டின் புழு மரத்தைத் தின்றுகொண்டே போவதை உற்றுப் பார்த்தார். அதன் தாடைகள் இடமும் வலமுமாக மாறிமாறிக் கடித்தன. நார் ஓடும் திசையில் மட்டுமல்லாமல் குறுக்கேயும் சுலபமாகப் போயின. அதே அமைப்பில் சங்கிலிக்குப் பல் செய்தார். இன்று உலகத்தில் ஓடும் செயின் பெரும்பாலும் அந்தப் புழுவின் வாரிசு. நம் தென்னந்தோப்புகளில் காண்டாமிருக வண்டும் சிவப்புக் கூன்வண்டும் எத்தனையோ தலைமுறையாக இதே தொழிலைச் செய்துவருகின்றன. நாம் கம்பியை விட்டுக் குத்தி வெளியே இழுத்துப் போட்டோமே தவிர, ஒரு நாளாவது உட்கார்ந்து பார்க்கவில்லை.

அறுபடும் பொருள்

தொல்காப்பிய மரபியல் வெளியே வயிரம் பாய்ந்ததைப் புல் என்றும் உள்ளே வயிரம் பாய்ந்ததை மரம் என்றும் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் வேம்பும் புளியும் மரம். தென்னையும் பனையும் புல். தாவரவியலும் இதில் பெரிய சண்டைக்கு வரவில்லை. தென்னையும் பனையும் ஒருவித்திலைத் தாவரங்கள்; ஆண்டு வளையம் கிடையாது; வெட்டிப் பார்த்தால் விளிம்பு இரும்பாகவும் நடு சோறாகவும் இருக்கும். ஆகவே 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரையைக் கடந்துபோன பின் பேராவூரணியிலும் ஒரத்தநாட்டிலும் பகல் முழுக்கச் செயின்சாக்கள் ஓடினவே, அது இலக்கணப்படி பெரும்பாலும் புல்லறுப்பு. கூலி மட்டும் மரத்துக்கு வாங்கினார்கள்.

புல்லானாலும் தென்னை லேசுப்பட்டதன்று. வெளிவயிரம் பல்லை மழுக்கும்; உள்நார் செயினுக்குள் போய்த் திணிந்துகொள்ளும். இணையக் கடைகளில் விற்கும் சிறிய பேட்டரி மெஷினின் தகடு நான்கு அங்குலம் அல்லது ஆறு அங்குலம். முற்றிய தென்னையின் அடியோ ஓர் அடி விட்டம். சுற்றிச் சுற்றி வந்து அறுக்கலாம் என்பாரும் உளர். அவர்கள் அறுத்து முடித்த தென்னை எந்தப் பக்கம் விழும் என்பது அவர்களுக்கும் தெரியாது, தென்னைக்கும் தெரியாது. பனையை இவ்வாய்விலிருந்து விலக்கிவிடுகிறேன். அது மாநில மரம். வெட்டுவதற்குக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்துவிட்டது. பேட்டரி ஓரிரு மணி நேரத்தில் சார்ஜ் ஏறிவிடும். கோப்பு அப்படி ஏறாது.

முருங்கையின் நிலை வேறு. அதை ஒடித்து வளர்க்கச் சொன்னார்கள். அறுத்து வளர்க்கச் சொல்லவில்லை. கம்பளிப்பூச்சிக் காலத்துக்கு முன்னால் கிளையைக் கழித்துவிட வேண்டும் என்பது உண்மை. ஆனால் முருங்கைக் கிளை எப்போதடா ஒடியலாம் என்று காத்திருப்பது. காய் பறிக்கத் தொரட்டி போட்டாலே பாதி கிளை கூட வந்துவிடும். அதன்முன் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுச் சுழலும் மோட்டாரைக் கொண்டுபோய் நிறுத்துவது மோட்டாருக்குத்தான் அவமானம். தென்னை மட்டை காய்ந்தால் தானே விழுகிறது. செம்பருத்திக்கு அரிவாள் போதும். ஆக மிஞ்சுவது வேம்பு ஒன்று. மாடியை உரசும் ஒரு கிளை, கூரையில் சருகு கொட்டும் இன்னொரு கிளை. மூன்றாவது கிளை கரண்டு கம்பியை ஒட்டி இருக்குமானால் அது மின்வாரியத்தாரின் கிளை. மெஷினோடு அதனருகே போகிறவர் பிறகு எந்த ஆய்வையும் படிக்கப்போவதில்லை. அறுத்ததை விறகாக்கலாமே என்றால், வெந்நீர் அடுப்பு இருந்த இடத்தில் இப்போது வாஷிங் மெஷின் இருக்கிறது.

இருபது நிமிஷம் என்று மேலே சொன்னது இப்படி வந்த கணக்கு. அதிலும் ஐந்து நிமிஷம், எதிர்வீட்டார் பார்க்கிறாரா என்று நிமிர்ந்து பார்ப்பதில் போகும்.

ஆற்றல்

ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் ஆற்றல் அடங்கியிருக்கிறது. சிறிய டூ ஸ்ட்ரோக் இன்ஜின் அதில் நாலு பங்கைச் சூடாகவும் புகையாகவும் சத்தமாகவும் தெருவுக்குத் தானம் செய்துவிட்டு, ஒரு பங்கைத்தான் செயினுக்குத் தரும். அப்படித் தந்தாலும் கால் லிட்டர் பெட்ரோல் செய்யும் வேலைக்கு, 18 வோல்ட் 5 ஆம்பியர்-மணி பேட்டரிகள் ஐந்தாறு வேண்டும். பேட்டரி ஒன்றில் இருப்பது 90 வாட்-மணி, அதாவது ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மோட்டார் அதில் பெரும்பகுதியை வேலையாக மாற்றிவிடும் என்பது அதன் நாணயம். ஆனால் கையில் இருப்பதே கொஞ்சம். மறுபுறம், செலவைப் பாருங்கள். சார்ஜரில் வீணாவதைச் சேர்த்தாலும் பத்து முறை சார்ஜ் ஏற்ற ஒரு யூனிட். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீடுகளுக்கு அரசு தரும் இலவச 100 யூனிட்டில் ஆயிரம் முறை ஏற்றலாம். அத்தனையையும் உபயோகித்தால் நம் ஆய்வெல்லைக்குள் நிழல் இருக்காது.

பெட்ரோல் மெஷினைக் கிளப்புவது தனிக்கலை. சோக்கை இழு, பம்ப்பை அமுக்கு, கயிறை இழு, இழு, சோக்கைத் தள்ளு, மறுபடி இழு. ஏழாவது இழுப்பில் கிளம்பினால் கைராசிக்காரர். கிளம்பாவிட்டால் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டி, வேடிக்கை பார்க்க வந்த பையன்களை விரட்டிவிட்டு மறுபடி இழுக்க வேண்டும். பெட்ரோலோடு டூ டி ஆயிலைச் சரியான அளவில் கலந்திருக்க வேண்டும். கலந்து வைத்துவிட்டு எட்டு மாதம் கழித்து வந்தால் கார்புரேட்டருக்குள் பிசின் கட்டியிருக்கும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால்; எத்தனாலோ காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொள்ளும் சுபாவம் உடையது. ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கத்துக் காற்றில் அதற்குப் பஞ்சமேது? பேட்டரி மெஷினில் இந்தச் சடங்கு எதுவும் இல்லை. பாதுகாப்புப் பொத்தானை அமுக்கி விசையை அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். இந்த ஓர் இடத்தில் பெட்ரோல் கட்சிக்கு நான் வாதாட மாட்டேன்.

கஜாத் தடை

எந்தக் கொள்கைக்கும் அதை அடியோடு சாய்க்கக்கூடிய ஒரு தடை உண்டு. பேட்டரி செயின்சாவுக்குக் கஜா.

மரம் எப்போது விழுகிறது? புயலில் விழுகிறது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்தபோது கடலூர்ப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் சாய்ந்தன. 2016 டிசம்பர் 12-இல் வர்தா சென்னைச் சாலைகளின் தூங்குமூஞ்சி மரங்களைப் படுக்கப்போட்டது. கஜா டெல்டாவின் தென்னையைத் தின்றது. மூன்றிலும் மரத்தோடு சேர்ந்து விழுந்தது மின்கம்பம். இதில் தற்செயல் எதுவும் இல்லை. கம்பங்கள் பலவற்றை மரம்தான் சாய்த்தது. ஆக ஒரு குடும்பஸ்தனுக்குச் செயின்சா மெய்யாகத் தேவைப்படும் அந்த ஒரே வாரம், அவன் வீட்டில் கரண்டு இல்லாத அதே வாரம். கஜாவுக்குப் பின் உள்கிராமங்களில் வெளிச்சம் வர வாரக்கணக்கில் ஆயிற்று. தண்ணீர் டேங்குக்கும் செல்போன் சார்ஜுக்கும் ஜெனரேட்டரை மணிக்கணக்கில் வாடகைக்கு வைத்தார்கள். அந்த வரிசையில், கைப்பேசிகளுக்கு நடுவே, செயின்சா பேட்டரியோடு போய் நிற்பவரை ஊர் எப்படிப் பார்க்கும் என்று யோசியுங்கள். அதே நேரம் பக்கத்துத் தோப்புக்காரர் பைக்கிலிருந்து அரை லிட்டர் பெட்ரோலை வடித்து ஊற்றிக்கொண்டு பாதையைத் திறந்துகொண்டே போவார்.

இதற்குப் பேட்டரி கட்சியார் சொல்லும் விடை: புயல் எச்சரிக்கை வந்தவுடன் சார்ஜ் போட்டு வைத்துக்கொள்ளலாமே. விடை நல்ல விடைதான். ஆனால் அந்தச் சார்ஜ் ஒரு தென்னை பாதி அறுபடும்போதே தீர்ந்துவிடலாம். தென்னை பாதி அறுந்த நிலையில் நிற்பதைவிட முழுதாகக் கிடப்பது பத்திரம் என்பது தடையாளர் மறுப்பு. இவ்விவாதத்தில் நான் தடையாளர் பக்கம். புயலை மனத்தில் வைத்து மெஷின் வாங்குபவர் பெட்ரோலை வாங்கட்டும், அல்லது ஒரு நல்ல கோடாரி வாங்கட்டும்.

அபாயம்

இந்தப் பகுதியில் மட்டும் சிரிப்பைக் குறைத்துக்கொள்கிறேன். செயின் ஓடும் தகட்டின் மூக்கு நுனியில், மேல் கால்பகுதி எதிலாவது பட்டால் மெஷின் மேல்நோக்கியும் ஆளை நோக்கியும் துள்ளும். கண்ணிமைக்கும் நேரம்கூடக் கிடையாது. பெரிய மெஷின்களில் துள்ளியவுடன் செயினை நிறுத்தும் பிரேக் முன்புறக் காப்பில் இருக்கும். மலிவான சிறிய பேட்டரி மெஷின்கள் பலவற்றில் அது இல்லை. அதோடு அவை ஒற்றைக் கையில் பிடிக்கத்தக்கவை. அதையே நன்மையாக விளம்பரத்தில் காட்டுகிறார்கள். ஒற்றைக் கையில் மெஷின் இருந்தால் மறு கை என்ன செய்யும்? கிளையைப் பிடிக்கும். அதாவது செயின் போகப்போகிற பாதையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பெட்ரோல் மெஷின் வேலையில்லாதபோதும் உறுமிக்கொண்டிருக்கும்; ஜாக்கிரதை என்று சொல்லிக்கொண்டே இருக்கும். பேட்டரி மெஷின் தூங்குவதுபோல் கிடக்கும். பல்லில் சிக்கிய நாரை எடுக்க விரலை விடுகிறோம், இன்னொரு விரல் விசையில் படுகிறது. பேட்டரியைக் கழற்றாமல் செயினைத் தொடக் கூடாது என்பது முதல் விதி, இரண்டாவது விதி, மூன்றாவது விதி. உடையும் முக்கியம். வெளிநாட்டில் மரம் அறுப்பவர் அணியும் கால்சட்டைக்குள் நீண்ட இழைகளை அடைத்திருப்பார்கள். செயின் பட்டால் இழை உருவிக்கொண்டு வந்து பல்சக்கரத்தை அடைத்துச் செயினை நிறுத்திவிடும். கைலியும் இழைதான். ஆனால் அது செயினை நிறுத்தாது. செயினோடு போகும், கட்டியிருப்பவரையும் கூப்பிடும். ஏணிமேல் நின்று, தலைக்கு மேல், ஒற்றைக் கையில், ரப்பர் செருப்போடு அறுப்பவரைப் பற்றி ஆய்வு எழுதுவது அவருடைய பிள்ளைகள் பொறுப்பு.

சத்தம் குறைவு என்பதும் முழு நன்மையன்று. பெட்ரோல் மெஷினின் நூற்றுப் பத்து டெசிபலுக்கு இது எவ்வளவோ தேவலை, ஆனால் காதுக்கு அடைப்பு வேண்டாத அளவுக்குக் குறைவில்லை. தெருக்கோடிக்குக் கேட்காது என்பதால் பிறர் வேலியோரத்துத் தேக்கின்மேல் ஆசைப்படுபவருக்கும் அது வசதி. இலங்கையில் 2019-இல் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன காடுகளைக் காக்கச் செயின்சா இறக்குமதியையே தடுக்கப் போவதாக அறிவித்தார். சத்தமில்லாத மெஷினைத் தடுப்பது எளிதா, சத்தமுள்ளதைத் தடுப்பது எளிதா என்பதை அறிஞர் ஆராய்க.

வோல்ட்டும் விமானமும்

ஒரே பேட்டரியை ஒரு கம்பெனி 18 வோல்ட் என்கிறது, இன்னொன்று 20 என்கிறது, மூன்றாவது 21 என்கிறது. மூவரும் பொய் சொல்லவில்லை. உள்ளே ஐந்து செல் வரிசை. செல்லுக்குச் சராசரி 3.6 வோல்ட் வைத்தால் 18, முழுச் சார்ஜில் 4.2 வைத்தால் 21. இடையில் 20 என்பது நடுநிலைவாதி. 48, 88 என்று அச்சடித்த பெட்டிகளும் சந்தையில் உண்டு. பிரித்துப் பார்த்தால் அவற்றிலும் அதே ஐந்து செல் வரிசை இருக்கக் காணலாம். எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது. அது ஜாதகத்தில் எழுதிய பையனின் சம்பளம்.

சிங்கப்பூரிலிருந்து வரும் மாமாவிடம் சொல்லி வாங்கிவரச் சொல்வோர் கவனிக்க: தனி லித்தியம் பேட்டரியைச் செக்-இன் பெட்டியில் போட விமானத்தில் அனுமதி இல்லை, கைப்பையில்தான் வர வேண்டும். 100 வாட்-மணி வரை கேள்வியில்லை, 160 வரை விமானக் கம்பெனியின் சம்மதம் வேண்டும், அதற்குமேல் இடமே இல்லை. செயின்சாவோ கைப்பைக்குள் ஆகாது. ஆகவே மெஷின் விமானத்தின் வயிற்றிலும், பேட்டரி மாமாவின் மடியிலுமாகத் திருச்சி வரை பிரிந்தே வரும்.

இரவல்

இனித்தான் ஆய்வின் நடுப்பொருள்.

நம் தெருக்களில் சாமான் இரண்டு வகை: இரவல் போவது, இரவல் போய்த் திரும்பாதது. கடப்பாரை முதல் வகை. அதை யாராலும் கெடுக்க முடியாது என்பதால் மறுக்கவும் முடியாது. ஏணி இரண்டாம் வகை. முன்னோர் இதன் கொடுமையை நன்கு உணர்ந்திருந்தார்கள். அதனால்தான் விளக்கு வைத்த பிறகு உப்பு, ஊசி கொடுக்கக் கூடாது, வெள்ளிக்கிழமை எதுவும் வெளியே போகக் கூடாது என்று ஏற்பாடு செய்து வைத்தார்கள். அவற்றை மூடநம்பிக்கை என்று பேசி ஒழித்தவர்கள், ஒரு சமுதாயம் முகம் கோணாமல் “இல்லை” சொல்லக் கண்டுபிடித்திருந்த வழியையும் சேர்த்து ஒழித்துவிட்டார்கள் என்பதை யோசிக்கவில்லை. இன்று கேட்டால் கொடுக்க வேண்டும். அல்லது பகைக்க வேண்டும்.

பெட்ரோல் செயின்சாக்காரரின் பரிதாபத்தை இங்கே பார்க்க வேண்டும். “பெட்ரோல் இல்லீங்களே” என்று அவர் வாயெடுப்பதற்குள், “அத நான் போட்டுக்கறேன்” என்று பதில் வந்து விழும். பங்க் ஐந்து நிமிஷத் தூரத்தில் இருக்கிறது. மெஷின் போகும். பல் கல்லில் பட்டு மழுங்கி, இன்னொருவர் கைக்கு மாறி, தைப் பொங்கலுக்குப் போனது ஆடிப்பெருக்குக்கு வரும். வரும்போது டேங்கில் சொட்டு இருக்காது.

பேட்டரிக்காரர் நிலை என்ன?

“தம்பி, அந்த மரம் அறுக்குற மெஷின் இருக்குல்ல? ஒரே ஒரு கெளை. அஞ்சு நிமிஷ வேலை.”

“சார்ஜ் இல்லீங்களே மாமா. இப்பதான் போட்டிருக்கேன். ரெண்டு மணி நேரம் ஆவும்.”

முடிந்தது. சார்ஜை எந்தக் கடையிலும் கேனில் வாங்க முடியாது. “நான் போட்டுக்கறேன்” என்பதற்கு இங்கே பொருளில்லை. மறுப்பில் யாருடைய குணமும் சம்பந்தப்படவில்லை; வேதியியல் சம்பந்தப்பட்டிருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் கேட்டவர் அரிவாளை எடுத்து வேலையை முடித்திருப்பார், உறவு அப்படியே இருக்கும். விளக்கு வைத்த நேரம் போன பிறகு தமிழ்நாட்டுத் தெருவுக்குக் கிடைத்த முதல் கௌரவமான மறுப்பு இதுவே என்று துணிந்து கூறுகிறேன். இந்த ஒரு நன்மையின்முன் கஜாத் தடையும் சிறுத்துப்போகிறது. புயல் சில வருஷத்துக்கு ஒருமுறை வரும், பக்கத்து வீட்டு மாமா வாரத்துக்கு ஒருமுறை வருவார்.

இது பொய் சொல்வதற்கு வழிகாட்டுவதாகாதா என்பது கடா. விடை: ஆகாது. லித்தியம் பேட்டரியை முழுச் சார்ஜில் மாதக்கணக்கில் வைத்திருந்தால் ஆயுள் குறையும். வெயில் சேர்ந்தால் இன்னும் வேகமாகக் குறையும். அறவே காலியாக விட்டாலும் கெடும். பாதி சார்ஜில், குளிர்ந்த இடத்தில் வைப்பதே நல்லதென்று தயாரிப்பாளர்களே அறிவுறுத்துகிறார்கள். ஆகவே பேட்டரியின் உடல்நலம் பேணுகிறவர் வீட்டில் எந்த நேரமும் முழுச் சார்ஜ் இருக்காது. “பாதிதான் இருக்கு” என்று அவர் சொல்வது சத்தியம். பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்திருப்பதும் குளிர்ச்சியை முன்னிட்டே.

ஓர் எச்சரிக்கை. பேட்டரியின் முதுகில் சிறு பொத்தானும் நான்கு பச்சை விளக்கும் வைத்துத் தொலைத்திருக்கிறார்கள். இதை வடிவமைத்தவர் இரவல் இல்லாத நாட்டில் பிறந்தவர். வந்தவர் பேச்சுவாக்கில் பொத்தானை அமுக்க, நான்கும் எரிந்தால், உடையவர் தெருவில் தலைகாட்ட முடியாது. மெஷினை எல்லோரும் பார்க்கும்படி வைக்கலாம். பேட்டரியை வைக்கக் கூடாது.

செயின் ஆயில் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பேட்டரி மெஷின் என்றால் ஆயில் வேண்டாம் என்று நினைப்பவர் பலர். இன்ஜினுக்குத்தான் வேண்டாம், செயினுக்கு வேண்டும், இல்லாவிட்டால் தகடு காய்ந்து எரியும். அதற்கென்று பசைத்தன்மையுள்ள ஆயில் விற்கிறது. நம்மவர்கள் வண்டியில் வடித்த கறுப்பு ஆயிலை ஊற்றிவிடுகிறார்கள். அதிலுள்ள இரும்புத் துகள் சின்னஞ்சிறு பம்ப்பை அடைத்துவிடும். மீதியைச் செயின் சுழன்று அறுப்பவர் முகத்திலேயே தெளிக்கும். உயர்ந்த ரகம், மட்ட ரகம் என்ற பேதமின்றிப் பெரும்பாலான மெஷின்கள் அலமாரியில் சும்மா இருக்கும்போது ஆயிலைக் கசியவிடும். கீழே செய்தித்தாள் விரிக்க. ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பு கூடுதல் தாளுடையது.

புறனடை

மேற்கண்ட கொள்கை உறுதியானது என்றே கருதியிருந்தேன். ஆனால் பேட்டரிச் சாமான்களின் இன்னொரு குணம் அதை அசைத்துவிட்டது. ஒரு கம்பெனியின் பேட்டரி மற்றொன்றின் மெஷினில் பெரும்பாலும் பொருந்தாது. ஒரே கம்பெனியின் ஒரே பேட்டரி வரிசைக்குள் எல்லாவற்றிலும் பொருந்தும். செயின்சா வாங்கியவர் அதே பேட்டரிக்கு டிரில்லிங் மெஷின் வாங்குவார், பிறகு சருகு ஊதும் புளோயர், பிறகு புல் வெட்டும் மெஷின். கம்பெனிகள் கண்ட இலாபக் கணக்கு இது. தெருவியல் நோக்கில் இதன் விளைவைக் கம்பெனிகள் கண்டதாகத் தெரியவில்லை. தெருவில் ஒருவர் வாங்கியதைப் பார்த்து அடுத்தவர் அதே நிறத்தில் வாங்குவார். அவர் வாங்குவது டிரில்லிங் மெஷினாகவே இருக்கலாம். ஆனால் அதோடு பேட்டரியும் அவர் வீட்டுக்கு வந்துவிடுகிறது. எனவே தெருவில் யாரிடமும் இல்லாத கம்பெனியாகப் பார்த்து வாங்குவது உத்தமம். இதைச் சற்றுத் தாமதமாக உணர்ந்த ஒருவர் வீட்டு வாசலில் அண்மையில் நடந்த உரையாடல், ஆய்வெல்லைக்குள் பதிவானபடி:

“தம்பி, அந்த மெஷின் வேணுமே. ஒரே ஒரு கெளை.”

“சார்ஜ் இல்லீங்களே மாமா...”

“பேட்டரி நம்மகிட்டயே இருக்கு. இந்தா, நாலு லைட்டும் எரியுது பாரு. மருமவன் டிரில்லிங் மெஷின் வாங்கிருக்கான்ல. மெஷின மட்டும் குடு போதும்.”

“செயின் ஆயில் தீந்துபோச்சுங்க மாமா. அது இல்லாம ஓட்டக் கூடாது.”

“ஆயிலா? அதுக்கென்ன, நம்ம டிராக்டர்ல வடிச்சது ஒரு கேன் கெடக்கு.”